இப்போதைக்கு பாய் சார்

அதைத்தான் நானே சொல்ல வந்தேன், அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கொல்லைச் சுவரோரம் வரிசையாக நிற்கிறதே நீல மூடி பாட்டில்கள், அது சாராயமும் இல்லை, செய்வினையும் இல்லை. எதிர்வீட்டுக்காரி உங்கள் காதில் என்ன போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே போட்டிருப்பாள். நல்ல மனுஷிதான், வாய் மட்டும் மடை இல்லாத வாய்க்கால். அந்த பாட்டில்களில் இருப்பது வெறும் தண்ணீர். இதோ இந்த அடிபம்பில் அடித்த தண்ணீர். அமாவாசைக்கு அமாவாசை ஒன்று பிடித்து மூடி வைக்கிறேன். ஏன் என்று கேட்டால் பாய் சாரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவரைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உட்காருங்கள். அந்த முக்காலி ஆடும், சுவரோரம் போட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்? கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அதில் எழுதியிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த என் மருமகள் செல்விக்கு அதைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தெருவுக்கு அவர் பாய் சார். எனக்குத் தம்பி. எண்ணெய்க் கம்பெனியில் பூமிக்கடியில் இருப்பதைப் பற்றிப் படித்துவிட்டு வேலை பார்த்தவர். கிழக்கே கடற்கரைப் பக்கத்து ஊர். அவருடைய வாப்பா வளைகுடாவில் கடை வைத்திருந்தாராம், இவரையும் அங்கேதான் கூப்பிட்டிருக்கிறார். இவர் போகவில்லை. கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும் நீங்கள், பல் தெரியாது, கண் மட்டும் சுருங்கும்.

நம் களத்துமேட்டைத் தாண்டிக் கம்பிவேலி போட்ட ஓர் இடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்த குழாய்க்கொத்து நடுவில் நிற்கும். அது கேஸ் கிணறு. கிணறு என்றால் ராட்டினம் போட்டு இறைப்பது இல்லை, பூமிக்குள் ஆழமாக இறங்குகிற குழாய். என் மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்டார்கள். அப்போதெல்லாம் அங்கே ஒரு தீ விடாமல் எரியும். அந்த வெளிச்சத்தில் என் கோழிகள் அடையப் போகாமல் முழித்துக்கொண்டு திரியும். அப்புறம் ஒரு நாள் கேஸ் தீர்ந்துவிட்டது என்று தீயை அணைத்துப் பூட்டிக்கொண்டு போனார்கள். கோழிகள் தூங்க ஆரம்பித்தன. அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். பல வருஷம் கழித்து அந்த வேலியைத் திறந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வந்தவர்தான் இவர்.

முதல் நாள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா" என்று கேட்டார். நான் சொம்பை எடுக்கத் திரும்பினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே கொல்லைக்கு வந்து பம்பைத் தானே அடித்தார். முதலில் வந்ததை விட்டுவிட்டார். நன்றாக அடித்த பிறகு கையை ஏந்தி ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரர் ரசத்துக்குப் பதம் பார்க்கிற மாதிரி கண்ணை மூடி நாக்கில் உருட்டினார். எனக்குச் சிரிப்பாக வந்தது. தண்ணீரில் என்ன பதம் இருக்கிறது?

"நல்ல தண்ணிம்மா. கொஞ்சம் இரும்பு வாசம் அடிக்குது, அது பரவால்ல. உப்பு இல்ல. இப்போதைக்கு" என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. என் மாமியார் காலத்திலிருந்து இதைத்தான் குடிக்கிறோம், அது என்ன இப்போதைக்கு என்று கேட்டேன்.

"எங்க உம்மா காலத்துல எங்க ஊர்க் கெணறும் நல்ல தண்ணிதாம்மா" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார்த்தைதான் அவர். மழை வருமா என்றால் இப்போதைக்கு வராது. உடம்பு எப்படி என்றால் இப்போதைக்கு நல்லா இருக்கு. ஒரு தடவை என் கத்தரிக்காய்க் கொத்சுவைச் சாப்பிட்டுவிட்டு, இதுவரை சாப்பிட்டதில் இப்போதைக்கு இதுதான் நல்ல கொத்சு என்றார். நான் கரண்டியை ஓங்கினேன். அதற்கும் அந்தக் கண்ணைச் சுருக்குகிற சிரிப்புதான்.

இதனால் ஒரு கல்யாணமே நின்றது தெரியுமா? கீழத்தெருவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் இவருடைய ஆபீசில் வேலை. பெண்ணின் அப்பா வந்து பையன் எப்படி என்று விசாரித்தார். இவர் நன்றாக யோசித்து, "இப்போதைக்கு நல்ல பையன்தாங்க" என்றார். அவ்வளவுதான். என்னவோ இருக்கிறது, சார் சொல்லாமல் சொல்கிறார் என்று பெண் வீட்டார் தட்டைத் திருப்பிவிட்டார்கள். நான் இவரைப் பிடித்துக் கேட்டேன், ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள் என்று. அவருக்கு முகம் வாடிவிட்டது. "நான் இன்னைக்கு பாத்தத தானேம்மா சொல்ல முடியும்" என்றார். அந்தப் பையன் இப்போது வேறு பெண்ணைக் கட்டி நீடாமங்கலத்தில் ரொம்ப நன்றாக இருக்கிறான். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லியே இவரைக் குத்துவார்கள். அவருக்கு அது உள்ளே வலித்தது என்று நினைக்கிறேன்.

வேலியைத் திறந்தது எதற்கு என்று கேட்கிறீர்கள், அதற்கு வருகிறேன். எண்ணெய் எடுக்கிறபோது எண்ணெயோடு தண்ணீரும் சேர்ந்து வருமாம். கடல் தண்ணீர் எல்லாம் அதற்கு முன்னால் நிற்க முடியாது, அவ்வளவு உப்பு, கூடவே என்னென்னவோ கலந்திருக்கும். சுற்று வட்டாரத்தில் எடுக்கிற எண்ணெயில் வரும் அந்தத் தண்ணீரை டேங்கர் லாரியில் கொண்டுவந்து, கேஸ் தீர்ந்துபோன நம் கிணற்றில் இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. என் கொழுந்தனார் அரிவாளை எடுக்காத குறை. அவருடைய வயலும் என்னுடையதும் அந்த வேலிக்கு ஒட்டினாற்போல. இவர் அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். ஸ்ட்ரா போட்டுக் குடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் உப்புக் கரைத்த தண்ணீரும் மண்ணெண்ணெய்ப் புனலும் கேட்டார். செல்வி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் சுற்றி நின்று வித்தை பார்க்கிற மாதிரி பார்த்தோம்.

"இதுல இருந்த எளநிய குடிச்சிட்டேன். உள்ள காலி. கேஸ் இருந்த எடமும் இப்படித்தான் காலியா கெடக்கு. அதுல இத ஊத்துறோம்" என்று ஸ்ட்ராவில் புனலை வைத்து ஊற்றினார். உள்ளே போயிற்று. ஓடு கெட்டியாக இருந்தால் உள்ளேயே கிடக்கும், கொள்ளுகிற அளவுக்கு மேல் அமுக்கி ஊற்றினால் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே கசியும், அது ஒரு பயம் என்றார். அப்புறம் ஸ்ட்ராவின் நடுவில் நகத்தால் ஒரு கீறு கீறினார். "இன்னொரு பயம் இதும்மா. குழா போற வழியிலதான் ஒங்க பம்புத் தண்ணி இருக்கு. உப்பு இரும்பத் தின்னும். நடுவுல ஒரு ஓட்ட வுழுந்தா, அடிக்குப் போக வேண்டியது இங்கயே எறங்கிடும். மேல நிக்கிற நமக்குத் தெரியாது."

என் கொழுந்தனார், அப்புறம் எதற்கு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்.

வெளியே கொட்டினால் வயல் இன்றைக்கே போய்விடும் என்றார் இவர். அது எங்களுக்கும் தெரியும். வேலிக்குப் பக்கத்தில் முன்பு ஒரு தடவை அந்தத் தண்ணீர் வழிந்த இடத்தில் இன்றைக்கும் கோரைகூட முளைப்பதில்லை.

"உள்ள எறக்குனா போகாதா?"

"இப்போதைக்குப் போகாது."

கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் இவருக்கு இப்போதைக்கு சார் என்று பெயர் வைத்தார். என் பேத்தி மட்டும் அழுதாள், உப்புத் தண்ணீரை ஊற்றி வழுக்கையை வீணாக்கிவிட்டாராம். இன்னொன்று வெட்டிக் கொடுத்துத்தான் அவளை அடக்கினோம். நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், நல்லது கெட்டது இரண்டையும் நம் வீட்டு வாசலில் வந்து சொல்கிற கம்பெனிக்காரரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று. அதனால்தான் லாரி போக எங்கள் வரப்போரம் பாதை விட்டோம். கொஞ்ச நாளைக்கு, கொஞ்சம் லாரி, பார்க்கலாம் என்று.

முதல் லாரி வருவதற்குள் அவர் தெருவில் வீட்டுக்கு வீடு இந்த நீல மூடி பாட்டிலைக் கொடுத்தார். மாதம் ஒரு தடவை பம்பில் பிடித்து வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுக்கிறேன், உப்பு ஏறினால் முதலில் அதில்தான் தெரியும் என்றார். அந்த நாக்கை வைத்துக்கொண்டு எல்லா வீட்டுத் தண்ணீரையும் குடித்துக்கொண்டிருக்க முடியுமா? அவருக்கு இந்த ஊர் மட்டுமா வேலை?

யாரும் முதல் பாட்டிலைப் பிடிப்பதற்குள்ளேயே நம் தெருவுக்குக் கொள்ளிடத்துத் தண்ணீர் வந்தது. குழாய்த் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், ஆனால் என்ன தண்ணீர். கண்ணாடி மாதிரி. எங்கள் பம்புத் தண்ணீர் அடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும், வைத்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி அடியில் காவி படியும். அவர் சொன்ன அந்த இரும்புதான். நீங்களே சொல்லுங்கள், வெளியிலிருந்து வந்தவருக்கு அந்தத் தண்ணீரையா கொடுப்பார்கள்? குழாய் வந்த பிறகு அவர் எப்போது வந்தாலும் செல்வி சொம்பில் குழாய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுப்பாள். அவர் வாங்கி அதே மாதிரி நாக்கில் உருட்டுவார். மழைக்கு அப்புறம் ஊர்த் தண்ணீர் இனிப்பாகிவிட்டது என்று ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார். மழை நன்றாகத்தான் பெய்திருந்தது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை யார் சொல்வார்கள்?

பாட்டில் விஷயமும் அப்படியே. ஆபீசுக்குப் போகிற தண்ணீர், நாலு படித்தவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற தண்ணீர். அடியில் காவி கட்டி அனுப்பினால் இந்த வீட்டுப் பெண்கள் என்ன வீடு வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க மாட்டார்களா? செல்வி பாட்டிலைச் சாம்பல் போட்டு விளக்கி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, குழாய் வருகிற நாளில் முதல் பாட்டிலாகப் பிடித்து வைப்பாள். எதிர்வீட்டுக்காரி அதிலும் போட்டி, துணி கட்டி வடிகட்டி வைப்பாள். யாரும் யாரிடமும் சொல்லிச் செய்ததில்லை. எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது.

லாரி வந்துகொண்டே இருந்தது. பாதை போதவில்லை, இன்னும் நிறைய லாரி வர வேண்டும், இன்னும் பல இடத்துத் தண்ணீர் இங்கேதான் இறங்கப்போகிறது, வரப்பை அகலமாக்கித் தாருங்கள் என்று கம்பெனி கேட்டது. பாய் சார் சொன்னால்தான் தருவோம் என்று நானும் கொழுந்தனாரும் ஒரே பிடியாக நின்றோம். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அது நோன்பு மாதம். கூட்டத்துக்கு முன்னால் தெருவில் நடந்து வந்தபோது செல்வி பழக்கத்தில் சொம்பை நீட்டிவிட்டாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். உதடு வெடித்திருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் குடிக்கவில்லை.

கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். யாரும் காதில் வாங்கவில்லை, எல்லோரும் பாய் சார் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து, உங்கள் பாட்டில்களைச் சோதித்ததில் உப்பு ஏறவே இல்லை, முன்னைவிட நன்றாகவே இருக்கிறது என்றார். என் கொழுந்தனார் சும்மா இருப்பாரா? எழுந்து நின்றார்.

"எல்லாம் சரிங்க சார். ஒங்க வார்த்தையால கீழத்தெருவுல ஒரு கல்யாணமே நின்னுச்சு. இன்னைக்காவது அந்த இப்போதைக்க வூட்டுல வச்சிட்டு வந்தீங்களா, இல்ல அதையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தப் பெரிய அதிகாரியும் சிரித்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பினார். இவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். அப்புறம் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பயமில்லம்மா. ஒங்க தண்ணி நல்லா இருக்கு" என்றார்.

நான் மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தட்டும்போதே எனக்குள் ஏதோ ஒன்று, பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் தோன்றுமே, அந்த மாதிரி. ஆனால் சந்தோஷம்தான். மேசைக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன்.

பெருநாள் அன்றைக்கு டிபன் கேரியர் நிறைய பிரியாணியோடு வந்தார். அவருடைய வீட்டம்மா செய்தது. நான் என்னவோ பெரிய சமையல்காரி என்று நினைத்திருந்தேன், அதைச் சாப்பிட்ட பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன். அவரையும் உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறினோம். அவருடைய பெண் குழந்தைகள் எத்தனாவது படிக்கிறார்கள், கடற்கரையில் அவர் வீட்டுக் கூரைக்குப் போட்ட இரும்புக் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஏதேதோ பேச்சு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவக் கொல்லைக்குப் போனார். செல்வி சொம்பில் குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவர் பம்பை அடித்துக் கை கழுவி, வாய் கொப்பளிக்க ஒரு வாய் எடுத்துவிட்டார்.

எடுத்தவர் அப்படியே நின்றார். கன்னம் உப்பியபடி. துப்பவில்லை. கண்ணை மூடினார். நான் அவர் தொண்டை அசைவதைப் பார்த்தேன், விழுங்கிவிட்டார்.

"இதுதானேம்மா பாட்டில்ல புடிக்கிறீங்க?"

செல்வி சிரித்தாள். "இதப் போயி ஆபீசுக்குக் குடுப்பமாங்கண்ணே? நல்ல தண்ணியா குழாயிலதான் புடிச்சு வைப்போம்."

"எத்தன நாளா?"

"குழா வந்ததுலருந்துங்கண்ணே. எல்லா வூட்லயும் அப்படித்தான்."

அவர் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாட்டுக்கு எந்தத் தண்ணீர் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். பம்புத் தண்ணீர்தான் என்றேன். எப்படிக் குடிக்கிறது என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்.

"முன்னவிட ஆசையா குடிக்குதுங்க தம்பி. தொட்டிய நக்கி நக்கிக் குடிக்குது."

அவர் தலை குனிந்துகொண்டார். மாட்டுக்கு உப்பு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? கல்லுப்பு கட்டித் தொங்கவிடுகிறவள்தானே நான். மாட்டின் ஆசையும் தண்ணீரில் ஏறிய உப்பும் அந்த நிமிஷம்தான் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது.

அவர் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வயல் வழியாக வேலிப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் லாரித் தண்ணீரைக் குழாய்க்குள் அமுக்க அங்கே ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. அது நின்ற பிறகுதான் இத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. லாரிகள் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. டிரைவர்கள் இறங்கி என் புளிய மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். யாரைக் கேட்டு நிறுத்தினார் என்று தெரியவில்லை. யாரையும் கேட்டிருக்க மாட்டார்.

அன்று சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்து வராந்தாவில் வந்து நின்றார். அதிகாரி யாரும் கூட இல்லை, புதுச் சட்டை, பெருநாள் சட்டை, முழங்கால் வரைக்கும் சேறு. தெரு முழுக்கக் கூடிவிட்டது. நான் அன்றைக்குப் பயமில்லை என்று சொன்னது தப்பு, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொழுந்தனார் நாற்றங்காலில் நுனி கருகி நின்ற நாற்றைப் பிடுங்கிக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"பயமில்லேன்னீங்க, கைநாட்டு வச்சோம். இப்ப பயம்ங்கிறீங்களா?"

"பயம்னும் சொல்லலங்க. தெரியலன்னு சொல்றேன்."

அந்த வார்த்தைக்கு வந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். ஆபத்து என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் பொறுமையாகச் சொன்னார். இங்கே மூன்று உப்பு இருக்கிறது. ஒன்று கிழக்கேயிருந்து ஏறி வருகிற கடல். இன்னொன்று பழைய காலத்துக் கடல் விட்டுப்போனது, நல்ல தண்ணீருக்குக் கீழேயே கிடக்கிறது, வெயில் காலத்தில் நிறைய இறைத்தால் மேலே வரும். மூன்றாவது நாங்கள் இறக்குகிறது. உங்கள் பம்பில் ஏறியிருப்பது எது என்று சொல்ல வேண்டுமானால் முன்பு இருந்த தண்ணீர் வேண்டும், மாதா மாதம் எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும்.

"பழைய தண்ணி எங்கிட்ட இல்ல. மொத நாள் அம்மா வூட்ல குடிச்சது என் நாக்குல இருக்கு. நாக்க யாருங்க நம்புவாங்க?"

பெண்கள் மேல் பழியைப் போடப் பார்க்கிறார் என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அதற்குத்தான் அவருக்குக் குரல் உயர்ந்தது. "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பாட்டிலக் குடுத்துட்டு நான் பக்கத்துல நிக்கல. அது என் வேல."

செல்வி வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். "நல்லதக் குடுத்தது குத்தமாங்க அத்தே?" என்று கேட்டாள். அவள் கேட்டதை உங்களிடமே கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

அப்புறம் என்ன. அவரை வேறு எங்கேயோ மாற்றிவிட்டார்கள், வடக்கே என்று சொன்னார்கள். குழாயைச் சோதித்துவிட்டோம் என்று மிஷினைத் திரும்ப ஓட்டினார்கள். அதோ, காது கொடுத்துக் கேளுங்கள், ஒரு உறுமல் கேட்கிறதா? நீங்கள் புதிது, உங்களுக்குக் கேட்கும். அவர் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார், நல்ல மாதிரி, பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய்கூட வாங்கி வருவார். ஒரு பயமும் இல்லை, ஒரு பயமும் இல்லை என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்கிறார். நான் கைநாட்டு வைத்த பாதையில் லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. கொழுந்தனார் அதற்காக அலையாத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, முன்னால் தண்ணீர் நன்றாக இருந்தது, அப்புறம் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று. ஆதாரம் ஆபீசில் இருக்கிறது. எல்லாம் கொள்ளிடத்துத் தண்ணீர்.

போகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்தார். தெருவில் பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. கொழுந்தனார் வாசலில் உட்கார்ந்திருந்தவர், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனால் இவர் எங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு, அந்த மோட்டார் சைக்கிளை நிழலில் தள்ளி நிறுத்தியது கொழுந்தனார்தான், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் ஒரு சாக்கு நிறைய பாட்டில்களைக் கொல்லையில் இறக்கினார். எனக்குத் தேதி கிழமை படிக்கத் தெரியாது என்பதால் அமாவாசைக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் தண்ணீரை விட்டுவிட்டு, நன்றாக அடித்த பிறகு, விளிம்பு வரைக்கும் பிடித்து, காற்று இல்லாமல் மூடி, இடப்பக்கத்திலிருந்து வரிசையாக வைக்கச் சொன்னார்.

"காவி படிஞ்சாலும் பரவால்லம்மா. அழகா இருக்க வேணாம். இதுதான் இருக்கணும்."

யார் வந்து எடுப்பார்கள் என்று கேட்டேன்.

"இப்போதைக்கு யாரும் இல்ல. புடிச்சு வைங்க."

அந்த வார்த்தை திரும்பி வந்ததில் எனக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன். பம்புத் தண்ணீர். கண்ணை மூடி நாக்கில் உருட்டி, முழுச் சொம்பையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

எதிர்வீட்டுக்காரி கேலி பேசுகிறாள், பேசட்டும். இடக்கோடியில் உள்ளது அவர் போன பிறகு வந்த முதல் அமாவாசை. இந்தப் பக்கம் கடைசியில் இருப்பது போன மாதம். எனக்கு ஒரே ஒரு கவலைதான். அவர் ஒரு தடவை சொன்னார், உப்பு மெல்ல மெல்ல ஏறினால் நாக்கு கூடவே பழகிக்கொள்ளும், குடிக்கிறவர்களுக்குத் தெரியாது என்று. நான் தினமும் ஒரு வாய் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்விக்கும் தெரியவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். நீங்கள் தாராசுரத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், வந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இருங்கள், மாடு கத்துகிறது. தொட்டி காய்ந்து போயிருக்கும், தண்ணீர் காட்ட வேண்டும். பம்பு அடிக்கிற கையோடு உங்களுக்கும் ஒரு டம்ளர் பிடித்துத் தருகிறேன், இன்றைக்கு அமாவாசைதான், பாட்டிலுக்கும் பிடிக்க வேண்டும். முதல் தண்ணீர் போகட்டும். ம், இந்தாருங்கள். விழுங்க வேண்டாம், நாக்கில் வைத்துப் பாருங்கள். நான் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குள் யோசித்து வையுங்கள். ஒன்றே ஒன்று, விருந்துக்கு வந்தவர் மாதிரி மட்டும் சொல்லாதீர்கள்.